பாட்டன் பெயருக்கு நேரே

அக்டோபர் 12, 1936
புது வழிக் கூட்டுப்பண்ணை

அன்புத் தம்பி கென்ஜெகாலிக்கு,

அக்கா பல்கியா எழுதிக்கொள்வது. உன் கால்நடையும் ஆட்களும் சுகமா? அல்மா-அதாவில் மூன்றாம் மாடியில் குடியிருப்பவனுக்கு ஏது கால்நடை என்று சிரிக்காதே. கால்நடையை முதலில் கேட்பதுதான் முறை. இங்கே என் கால்நடை சுகம். ஒன்றே ஒன்று. இடது காது மடங்கிய வெள்ளைச் செம்மறி. ஆட்கள் என்றால் நான் ஒருத்தி, நானும் சுகம். பசி வந்த ஆண்டில் என் வீட்டிலிருந்து போன மூன்று பேரை எழுதி இந்தக் காகிதத்தை நனைக்க மாட்டேன்.

கையெழுத்தைப் பார்த்தாயா? என்னுடையது! முதியோர் வகுப்பில் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து கற்றேன். நாற்பத்துமூன்று வயதில். இதுவரை தபால்காரர் ஜுமகெல்தியிடம் சொல்லி எழுதவைத்தேன். அந்த மனுஷன் நான் திட்டச் சொன்னதில் பாதியை விழுங்கிவிட்டான் என்று இப்போதுதான் தெரிகிறது. இனி உனக்கு முழுத் திட்டும் வந்து சேரும்.

புத்தகம் எந்த மட்டில் இருக்கிறது? ராபிகாவுக்கும் குட்டி மைசராவுக்கும் என் முத்தங்கள்.

உன் அக்கா,
பல்கியா

*

நவம்பர் 20, 1936
அல்மா-அதா

என் அக்காவுக்கு,

மடங்கிய காதுக்காரிக்கு முதல் வணக்கம், உனக்கு அடுத்தது. நாங்கள் மூவரும் நலம்.

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே மூன்று முறை படித்தேன். ராபிகா, "டீ ஆறுதுங்க, கேக்குதா?" என்று கத்திக்கொண்டே இருந்தாள். நான் எழுதிய எதையும் நான் இப்படிப் படித்ததில்லை. அக்கா, நிறுத்திவிடாதே. திட்டவாவது எழுது.

புத்தகம் அச்சகத்துக்குப் போய்விட்டது. அப்பா கதைதான். மிருகப் பெயர் வைத்து எண்ணும் நம் கணக்கில் முயல் ஆண்டு என்கிறோமே, அந்த ஆண்டில் பனி கல்லாக இறுகி, குதிரைகள் புல்லை எட்டமுடியாமல் நின்ற இடத்திலேயே செத்ததை எழுதியிருக்கிறேன். வசந்தத்தில் உன் கையில் இருக்கும். நீயே படிக்கலாம்!

இங்கே எழுதுகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்தாறு கேள்விகள். அப்பா தொழில் என்ன என்பதற்கு, மேய்ப்பர் என்று எழுதினேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் மேய்த்தது அடுத்தவர் ஆட்டைத்தானே. பாட்டன் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. தெரியாது என்று காலியாக விட்டுவிட்டேன்.

குளிருக்கு உனக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி,
கென்ஜெகாலி

*

டிசம்பர் 15, 1936

தம்பிக்கு,

ஆடு சுகம், நானும் சுகம், சால்வை வந்தது. இத்துடன் நல்ல பேச்சு முடிந்தது.

என்னது, தெரியாதா? ஏழு தலைமுறைத் தந்தையர் பெயர் தெரியாத கசாக் அநாதை என்று உன் தொட்டிலில் சொன்னது யார்? நான்! பத்து வயதுக்காரி உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பெயர் பெயராகச் சொல்லிக் கொடுத்தேனே. பெக்பாவ், இதெம்கென், ஜனூசாக், தொலிபாய், கராமெண்டே, எசென்பெத், மாமுர். ஒரே மூச்சில் சொல்லுவாய், எச்சில் ஒழுக.

இதெம்கென் தாத்தாவைத் தெரியாதாம்! ஆயிரம் குதிரைக்கு உடையவர். பதினான்கு ஊருக்குத் தலைவர். ஜார் அரசின் வெள்ளிப் பதக்கம் மார்பில் தொங்க நடந்தவர். அந்தக் குதிரைகள் எல்லாம் முயல் ஆண்டுப் பனியில் செத்ததால்தானே அப்பா கோலெடுத்தார். இதைப் பட்டணத்தார் கேட்டால், தெரியாது என்பதா? நல்லா இருக்குடா நியாயம்! அந்த இடத்தை உடனே நிரப்பி அனுப்பு. மைசராவுக்கும் ஏழு பெயரைக் கற்றுக்கொடு. நம் வீட்டில் இன்னொரு அநாதை வேண்டாம்.

கோபத்தோடு,
அக்கா

*

ஜனவரி 28, 1937

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் நலமும் ஆட்டின் நலமும் அறிய விருப்பம்.

உன் கடிதம் வந்துசேர ஐந்து வாரம் ஆயிற்று. உறை இரண்டு முறை ஒட்டப்பட்டிருந்தது.

அக்கா, நீ யாரையோ நினைத்துக் குழப்பிக்கொள்கிறாய். நீ சொல்லும் இதெம்கென் அடுத்த பள்ளத்தாக்குக்காரர், நமக்கு உறவே இல்லை. நம் பாட்டன் யாரென்று அப்பாவுக்கே சரியாகத் தெரியாது. வயதானால் நினைவு தடுமாறுவது இயல்பு. இதைப்பற்றி இனி நீ எழுதவும் வேண்டாம், யாரிடமும் பேசவும் வேண்டாம். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

மைசராவுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எப்படியோ பிடித்துக்கொண்டுவிட்டாள். முற்றத்தில் கயிறு தாண்டும்போது அந்தப் பெயர்களைப் பாட்டாகப் பாடுகிறாள். நிறுத்தச் சொன்னால் உன்னைப் போலவே முகத்தைத் திருப்புகிறாள்.

என்மேல் கோபித்துக்கொள்ளாதே, அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

கென்ஜெகாலி

*

மே 30, 1937

தம்பிக்கு,

நான் சுகம். கால்நடை இல்லை. ஏன் இல்லை என்று பின்னால் வருகிறது.

நான்கு மாதம் எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். பெற்ற அப்பனைப் பெற்றவரை அடுத்த பள்ளத்தாக்குக்காரர் என்று எழுதிய கையை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். போகட்டும், இப்போது மன்னித்துவிட்டேன். உன் தப்பை நானே சரிசெய்துவிட்டேன்.

போன வாரம் உன் நண்பன் தோஸ்முகான் வந்தான். செய்தித்தாள்காரன், உன்னோடு மேசை போட்டு வேலை செய்கிறவனாமே. நல்ல பிள்ளை, மெலிந்த கழுத்து. என் தம்பியின் தோழன் நூறு காதம் தாண்டி வந்திருக்கிறான், வெறும் டீயா கொடுப்பது? காது மடங்கியவளை அறுத்தேன். விருந்தாளிக்கு உரிய மரியாதையாக ஆட்டுத்தலையை அவன் முன்னால் வைத்தேன். இரண்டு முறை தட்டைத் தள்ளினான், வெட்கம்!

"அக்கா, கென்ஜெகாலி அண்ணனைப் பத்தி எழுதப்போறேன். அவரு வேரு எங்கேன்னு ஜனங்களுக்குத் தெரியணும்ல" என்றான்.

"எழுது ராசா, எழுது."

"ஆனா அவரு தாத்தாவே யாருன்னு தெரியாதுங்கறாரே?"

"கொழுப்பு அவனுக்கு! பட்டணத்துத் தண்ணி குடிச்சா பாட்டன் மறந்துபோயிடுமா? எடு காகிதத்தை."

"நீங்க சொல்லுங்க அக்கா, நான் எழுதிக்கறேன்."

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

நானே எழுதினேன், கென்ஜெகாலி. ஏழு பெயரும், ஒவ்வொருவருக்கும் எத்தனை குதிரை, என்ன பதவி என்பதும். ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை. கடைசியில் கையெழுத்துப் போடச் சொன்னான், போட்டேன். தேதி போடச் சொன்னான், அதையும் போட்டேன்.

குதிரையேறும்போது, "அக்கா, அந்த ஆட்டை நீங்க அறுத்திருக்க வேணாம்" என்றான். கண் கலங்கியிருந்தது. அவனுக்கு அம்மா இல்லையோ என்னவோ, பாவம்.

இனி உன்னை யாரும் அநாதை என்று சொல்ல முடியாது.

பெருமையோடு,
பல்கியா

*

ஜூலை 25, 1937

அக்காவுக்கு,

நலம்.

உன் கையெழுத்தைப் பார்த்தேன். ஒரு கூட்டத்தில் உயர்த்திப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார்கள். பின்வரிசையில் இருந்தவர்களுக்கும் தெரிந்தது. வரி வளையவில்லை. அழகாக எழுதியிருக்கிறாய், அக்கா. நிஜமாகவே சொல்கிறேன்.

புத்தகம் கொஞ்சம் தள்ளிப்போகிறது. செய்தித்தாள் வேலையை விட்டுவிட்டேன். வீட்டில் நிறைய நேரம் இருக்கிறது.

மைசராவை உன்னிடம் கொஞ்ச நாள் அனுப்பினால் வைத்துக்கொள்வாயா? கொஞ்ச நாள் என்பது நீண்டாலும்?

ஆட்டை நினைத்துத்தான் எனக்கு வருத்தம்.

கென்ஜெகாலி

*

ஆகஸ்ட் 22, 1937

என் ஒட்டகக்குட்டிக்கு,

நான் சுகம். பண்ணைத் தலைவரிடம் சண்டை போட்டு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கிவிட்டேன், ஆகவே கால்நடையும் சுகம்.

கூட்டத்தில் காட்டினார்களா! உயர்த்திப் பிடித்தார்களா! வகுப்பில் இதைச் சொன்னேன். வாத்தியார் என்னை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தார். நீயும் அங்கே கைதட்டினாயா? தோஸ்முகானுக்குச் சொல், அடுத்த முறை வந்தால் ஆடில்லை, வெறும் டீதான். கேலிக்குச் சொல்கிறேன்.

மைசராவை அனுப்புவதற்கு என்னைக் கேட்கவேண்டுமா? படுக்கையைக்கூட விரித்துவிட்டேன். ஆனால் உன் கடிதம் ஏன் இத்தனை சின்னது? காகிதம் கிடைக்கவில்லையா? உலர்ந்த தயிர்க்கட்டி ஒரு பை அனுப்புகிறேன். எழுதும்போது வாயில் அடக்கிக்கொள், பசிக்காது.

அக்கா

*

நவம்பர் 16, 1937

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி ராபிகா எழுதுகிறேன். உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? மைசரா நலம்.

அண்ணி, நம்மில் இறந்தவர்களைப் பற்றி நேராகச் சொல்வதில்லை. கையிலிருந்த ராஜாளி பறந்துவிட்டது என்போம். பயணம் போனவர்களுக்கு வேறு சொல் உண்டு. உங்கள் தம்பிக்கு எதைச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அக்டோபர் பத்தொன்பதாம் தேதி அழைத்துப் போனார்கள். காகிதங்களை மூன்று சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டார்கள். புத்தகமும் அதில் போயிற்று. அச்சகத்தில் எழுத்துக் கோத்து வைத்திருந்ததைக் கலைத்துவிட்டார்களாம்.

தினமும் சிறை வாசலில் விசாரிக்கும் ஜன்னல் முன்னால் நிற்கிறேன். பெயரைச் சொன்னால், "விசாரணை நடக்குது, அடுத்தாளு" என்கிறார்கள்.

இந்தக் கடிதத்தோடு மைசரா வருவாள். ரயிலில் வேலை செய்யும் என் தோழி கொண்டுவந்து விடுவாள். எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகளை இங்கே எடுத்துப்போய் விடுதிகளில் சேர்க்கிறார்கள், பெயரையும் மாற்றிவிடுகிறார்கள். உங்களிடம் இருந்தால் எனக்குத் தூக்கம் வரும்.

நீங்கள் இங்கே வரவேண்டாம். யாருக்கும் மனு எழுதவும் வேண்டாம். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், எதையும் எழுதாதீர்கள்.

ராபிகா

*

ஜனவரி 9, 1938

ராபிகாவுக்கு,

குழந்தை சுகம். ஆட்டுக்குட்டியோடுதான் தூங்குகிறாள். நான் சுகமில்லை.

சந்தையில் டீத்தூள் வாங்கினேன். பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். இப்போது எழுத்தைக் கண்டால் விடமாட்டேனே, மாவுமூட்டைமேல் இருப்பதைக்கூடப் படிப்பேன். டீயைக் கொட்டிவிட்டுத் தாளை நீவி வைத்துப் படித்தேன். ஆகஸ்ட் மாதத் தாள். கீழே தோஸ்முகான் பெயர். "மக்கள் விரோதி: ஆயிரம் குதிரைக்காரனின் பேரன் மேய்ப்பன் மகன் வேஷத்தில். சொந்த அக்காவே எழுதிக் கொடுத்த சாட்சி."

மூன்று முறை படித்தேன். எனக்குச் சரியாகப் படிக்கத் தெரியவில்லை என்று முதலில் நினைத்தேன்.

உனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். வரி வளையவில்லை என்று எழுதினானே, பாவி! கைதட்டினாயா என்று நான் கேட்டேனே! தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் தம்பியை என் கையால் கெடுத்தேன். ஆட்டையும் அறுத்துப் போட்டுக் கெடுத்தேன்.

நீ எழுதாதே என்றாய். எப்படி எழுதாமல் இருப்பது? மறுநாளே பனிவண்டியில் ஏறி மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். முன்னாலேயே எழுதிக்கொண்டு போனேன்: நான் கொடுத்த தாள் பொய், பெருமைக்காக எழுதினேன், எங்களுக்குப் பாட்டன் கிடையாது, ஏழு தந்தையரில் ஒருவர் பெயரும் தெரியாது, நாங்கள் அநாதைகள். எழுதும்போது இதெம்கென் தாத்தாவும் அவருக்கு முன்னால் போனவர்களும் சுவரோரம் வரிசையாக நின்று என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். செத்தவர்களுக்கு என்ன, உயிரோடு இருப்பவனை அல்லவா மீட்க வேண்டும்.

அங்கே இருந்த அதிகாரியும் நம் ஆள்தான். படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"பாட்டன் இல்லாத கசாக் உண்டாம்மா?"

"நாங்க இருக்கோமே."

"சரி, மொதல்ல எழுதினப்ப கை நடுங்குச்சா?"

"இல்ல."

"இதுல நடுங்கியிருக்கு, பாருங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சா எதை நம்புவாங்க?"

தாளை மறுபடி அவன் பக்கம் தள்ளினேன்.

"இதை நான் அனுப்பினா உங்களையும் கூப்பிடுவாங்க. வீட்ல ஒரு பிள்ளை இருக்குன்னு கேள்விப்பட்டேன். போங்கம்மா" என்று தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அவன் நல்லவனா கெட்டவனா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தாள் என்னிடம் இருக்கிறது. ராபிகா, நான் இனி யாரிடம் போவது? அவனுக்கு ஒரு வரி எழுதினால் போய்ச் சேருமா? காலில் விழுகிறேன் என்று ஒரே வரி.

பல்கியா

*

பிப்ரவரி 24, 1938

அண்ணிக்கு,

நலமாக இருங்கள். மைசராவைக் கட்டிக்கொள்ளுங்கள்.

நேற்று ஜன்னலில் பதில் சொன்னார்கள். பத்து ஆண்டு, கடிதம் எழுதும் உரிமை இல்லாமல். எனக்கு முன்னால் நின்றவளுக்கும் இதே சொற்கள், எனக்குப் பின்னால் நின்றவளுக்கும் இதே சொற்கள். கிழவி ஒருத்தி, "அப்படின்னா என்னம்மா அர்த்தம்?" என்று எங்களைக் கேட்டாள். அந்தச் சொற்களோடு போனவர்களிடமிருந்து ஒரு செய்தியும் வந்ததில்லை என்பதை அவளிடம் யார் சொல்வது?

அவருக்கு ஒரு வரி போய்ச் சேருமா என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், இல்லாவிட்டால் சொல்லியிருக்கமாட்டேன். முதலில் உங்கள்மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது. அழைத்துப் போன அன்றைக்கு அவர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது, "உங்க அக்கா கிழிச்ச கிழிப்பைப் பாத்தீங்களா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அவர் நிமிரக்கூட இல்லை. "அவகிட்ட சொல்லிடாதே. எழுதறதை நிறுத்திடுவா" என்றார். அவ்வளவுதான் பேசினார். உங்கள் தயிர்க்கட்டியில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டார்.

என்னை நாளைக் காலை கனத்த துணிகளோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே என்று சொல்லவில்லை. போன வாரம் இதே படிக்கட்டில் இறங்கிப் போனவள் இன்னும் திரும்பவில்லை. முகவரி கிடைத்தால் எழுதுவேன்.

மைசரா அந்தக் கயிற்றுப் பாட்டைப் பாடினால் நிறுத்துங்கள்.

ராபிகா

*

செப்டம்பர் 4, 1938

ராபிகாவுக்கு,

கால்நடை சுகம். ஆட்டுக்குட்டி வளர்ந்து ஆடாகிவிட்டது. ஆட்களும் சுகம்.

உனக்கு முகவரி இல்லை. போன இரண்டு கடிதங்களும் திரும்பி வந்துவிட்டன. இதைத் தபாலில் போடப்போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். எழுதுவதை நிறுத்திவிடுவேன் என்று பயந்தானே, அவனுக்காக எழுதுகிறேன்.

மைசரா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். பட்டணத்திலிருந்து புது வாத்தியாரம்மா வருகிறாள், பிள்ளைகளிடம் குடும்பம் கேட்டு எழுதிக்கொள்வாள் என்று ஜுமகெல்தி முன்கூட்டியே சொன்னான். அதனால் கோடை முழுக்க இவளுக்குப் பாடம் நடத்தினேன். நான் நடத்திய பாடத்தைக் கேட்டால் சிரிப்பாய். "தாத்தாவோட அப்பா பேர் என்ன?" என்பேன். "இதெம்..." என்று தொடங்குவாள். வாயைப் பொத்துவேன். மறுபடி கேட்பேன். "இதெம்..." மறுபடி பொத்துவேன். ஒருநாள் அடித்துவிட்டேன், ராபிகா. இந்தக் கையால்தான். தப்பில்லாமல் சொன்னதற்காகப் பிள்ளையை அடித்தவள் இந்தப் புல்வெளியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கயிற்றை எடுத்து ஒளித்து வைத்தேன். கயிறில்லாமலே தாண்டிக்கொண்டு பாடினாள்.

நேற்று வாத்தியாரம்மா கேட்டாளாம்.

"தாத்தா பேரு?"

"தெரியாது."

"அவங்கப்பா பேரு?"

"தெரியாது."

வகுப்பே சிரித்ததாம். "அநாதை, அநாதை" என்று வீடுவரை கத்திக்கொண்டு வந்தார்கள். உள்ளே வந்து நின்றாள். அழவில்லை. "அத்தை, நான் சரியா சொல்லிட்டேன்" என்றாள்.

பரிசாகச் சர்க்கரைக் கட்டி ஒன்று கொடுத்தேன். வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அத்தை, தாத்தா பேரை மறந்துட்டேன். அடுத்தது அப்பா பேரா?"

 என்ன சொல்லட்டும், ராபிகா?

உன் அண்ணி,
பல்கியா